பழைய வீட்டுச் சமையலறை: கோளாறு மேடையிலா, கதவிலா?

பழைய வீட்டைப் புதுப்பிக்க உட்கார்ந்தால், சமையலறை என்றதும் எல்லாரும் மேடையைப் பற்றித்தான் பேசுவார்கள். கல் என்ன நிறம், இழுப்பறை எத்தனை, ஃபிரிட்ஜ் எந்தப் பக்கம். கதவுகள் ஏற்கெனவே இருக்கின்றன என்பதால் அவற்றைப் பற்றிப் பேச்சே வராது. நாங்களும் அப்படித்தான் செய்தோம். மேடை எல்லாம் போட்டு முடித்த பிறகு பின்கதவைத் திறந்தால், அது ஒரு இழுப்பறையில் போய் மோதியது. இழுப்பறை திறந்திருக்கும்போது வெளியிலிருந்து யாராவது கதவைத் தள்ளினால் உள்ளே நிற்பவர் விரல் நசுங்கும். கடைசியில் அந்த இழுப்பறையின் கைப்பிடியைக் கழற்றிவிட்டு, அதைத் திறக்காமலேயே இரண்டு வருடம் ஓட்டினோம்.

கதவுகள் எங்கே என்பது முடிவானால்தான் ஆட்கள் நடக்கும் வழி முடிவாகும். அந்த வழி போக மிஞ்சியதுதான் மேடைக்கான இடம். இந்த வரிசையை மாற்றிப் போட்டதால் வருபவைதான் கீழே உள்ள கோளாறுகளில் பெரும்பாலானவை. உங்களுடையது எதுவோ அதற்கு நேராகப் போகலாம். ஆனால் அளவெடுக்கும் பகுதியை மட்டும் யாரும் தாண்டிப் போகவேண்டாம்.

எதற்கும் முன்னால்: அளவு

பழைய சுவர் நேராக இருக்கும் என்று நம்பாதீர்கள். அறையின் அகலத்தைத் தரையோரம், மேடை உயரம், தலைக்கு மேல் என மூன்று இடத்தில் அளந்து, மூன்றில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். மூலை சரியான மூலைதானா என்று பார்க்க, ஒரு சுவரில் 3 அடி, அடுத்த சுவரில் 4 அடி குறித்து, இரண்டு குறிகளுக்கும் நடுவே குறுக்காக அளந்தால் 5 அடி வரவேண்டும். குறைந்தால் மூலை குறுகியிருக்கிறது, கூடினால் விரிந்திருக்கிறது. இது தெரியாமல் மேடைக் கல்லைச் சதுரமாக வெட்டி வந்தால், ஒரு முனை சுவரில் ஒட்டும், மறு முனையில் விரல் நுழையும்.

கட்டம் போட்ட தாளில் அறையை வரையுங்கள். ஒரு கட்டத்துக்கு அரை அடி என்று வைத்துக்கொண்டால் கணக்குச் சுலபம். கதவை ஒரு கோடாகப் போட்டு விட்டுவிடாமல், அது திறக்கும்போது சுழலும் கால்வட்டத்தையும் வரையவேண்டும். கதவுப் பலகையின் அகலம் போதாது, நிலையின் வெளி அகலம் வேண்டும். பழைய மரநிலைகள் கனமானவை. இரண்டு பக்க நிலைக்கால்களும் சேர்ந்து 6 முதல் 8 அங்குலம் வரை தின்றுவிடும். ஜன்னல் அடிமட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தண்ணீர் எங்கே உள்ளே வருகிறது, கழிவு எங்கே வெளியே போகிறது, சுவிட்ச் போர்டுகள் எங்கே என்பதும் அதே தாளில் இருக்கட்டும்.

இப்போது ஒவ்வொரு கதவிலிருந்தும் மற்ற ஒவ்வொரு கதவுக்கும் ஒரு கோடு இழுத்து, அந்தக் கோட்டை 3 அடி அகலத்துக்குப் பென்சிலால் நிரப்புங்கள். நிரப்பாமல் வெள்ளையாக நிற்கும் இடம்தான் உங்கள் சமையலறை. பெரும்பாலோருக்கு இங்கேயே கொஞ்சம் அதிர்ச்சியாக இருக்கும்.

"அறை பெரிசுதான், ஆனால் மேடை போட இடமில்லை"

மிகப் பரவலான புகார் இது. 10 அடிக்கு 10 அடி அறை, அதில் மூன்று கதவு, மூன்றும் சுவரின் நடுவில். பழைய வீடுகளில் அடிக்கடி பார்க்கும் அமைப்புதான். கணக்குப் போட்டுப் பார்த்தால் விஷயம் புரியும்.

ஒரு சுவரின் நீளம் 120 அங்குலம். நிலையோடு சேர்த்துக் கதவு 40 அங்குலம். கதவு நடுவில் இருந்தால் இரு பக்கமும் 40, 40 மிஞ்சும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் பக்கத்துச் சுவரின் மேடை மூலையில் 24 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும். ஆக, இந்தச் சுவரில் நின்று வேலை செய்யக் கிடைப்பது பக்கத்துக்கு 16 அங்குலம். அதில் ஃபிரிட்ஜும் வராது, சிங்கும் வராது.

அதே கதவை ஒரு மூலைப் பக்கம் தள்ளிப் பாருங்கள். அந்த மூலையில் மேடை வராது என்றால், கதவு முழுசாகத் திறக்கவும் கைப்பிடி சுவரில் இடிக்காமல் இருக்கவும் 4 அங்குலம் விட்டால் போதும். மறுபக்கம் 76 அங்குலம் கிடைக்கும். மூலைக்கு 24 போனாலும் 52 மிச்சம். ஃபிரிட்ஜும் பக்கத்தில் ஒரு சின்ன மேடையும் வந்துவிடும்.

அந்த மூலையிலும் பக்கத்துச் சுவர் மேடை வரப்போகிறது என்றால் கதவை மூலையோடு ஒட்டக்கூடாது. மேடையின் 24 அங்குல ஆழத்தோடு இன்னும் இரண்டு மூன்று அங்குலம் சேர்த்து, 27 அங்குலம் தள்ளி நிலையை வையுங்கள். அப்போது மேடை கதவோரமாகச் சுவர் வரை ஓடும். கல்லின் முனை நிலையில் முட்டாது. பெரிய தப்பு நடப்பது இங்கேதான்: மூலையிலிருந்து ஓர் அடி தள்ளிக் கதவு வைத்துவிடுவார்கள். அந்த ஓர் அடி எதற்கும் உதவாது, பக்கத்து மேடையையும் பாதியில் நிறுத்திவிடும்.

கதவைத் தள்ளுவதற்கு முன் கேட்கவேண்டிய கேள்வி: அது வேண்டுமா? பழைய வீட்டில் ஒரே இடத்துக்குப் போக இரண்டு கதவு இருப்பது சாதாரணம். சந்தேகமான கதவைப் பூட்டி, சாவியை ஒளித்து வைத்துவிட்டு ஒரு வாரம் பாருங்கள். யார் முணுமுணுக்கிறார்கள், எத்தனை தடவை என்பதே பதில். எங்கள் வீட்டில் மூன்று நாள் கழித்துத்தான் கதவு பூட்டியிருப்பதையே ஒருவர் கவனித்தார்.

வேண்டாம் என்று ஆகிவிட்டால் முழுக்க மூடவேண்டும் என்றும் இல்லை. கதவுக்கு மேல், சுவரின் பாரத்தைத் தாங்கும் குறுக்கு உத்தரமான லிண்டல் ஏற்கெனவே இருக்கிறது. அதன் கீழே மேடை உயரத்துக்கு மேல் வரை செங்கல் கட்டிவிட்டு மேலே ஜன்னல் வைத்தால், சுவரின் தாங்கலைத் தொடாமலேயே மேடையும் வெளிச்சமும் சேர்ந்து கிடைக்கும். இருக்கிற வாசலை மூடுவதும் குறுக்குவதும் சின்ன வேலை. புதிய இடத்தில் திறப்பதுதான் பெரிய வேலை, ஏனென்றால் அங்கே புது லிண்டல் வேண்டும்.

இரண்டு கதவும் கட்டாயம் வேண்டும் என்றால், இரண்டும் ஒரே ஓரத்தில் நேருக்கு நேர் இருக்கட்டும். நடப்பவர்கள் ஒரு சுவரை ஒட்டியே போய்விடுவார்கள். எதிரெதிர் மூலைகளில் இருந்தால் வழி அறையைக் குறுக்கே வெட்டும். எந்தப் பக்கம் மேடை போட்டாலும் யாராவது உங்கள் முதுகை உரசிக்கொண்டு போவார்கள்.

"கதவு எதிலாவது இடித்துக்கொண்டே இருக்கிறது"

சுவரை உடைக்கும் முன் சின்ன வேலையிலிருந்து தொடங்குங்கள். முதலில் கீலைப் பக்கம் மாற்றிப் பார்க்கலாம். வலப்பக்கம் திறந்த கதவு இடப்பக்கம் திறந்தாலே பாதிச் சண்டை தீரும். பழைய கீல் உட்கார்ந்த பள்ளங்களை மரத்துண்டு வைத்து அடைத்துவிடலாம். ஆனால் சுவிட்ச் போர்டைப் பாருங்கள். வழக்கமாகத் தாழ்ப்பாள் பக்கத்தில் இருக்கும் அது, இப்போது திறந்த கதவின் பின்னால் ஒளிந்துகொள்ளும். இருட்டில் கதவைச் சுற்றிப் போய்த் தேடும் கஷ்டம் பழகித்தான் தெரியும்.

அடுத்தது, உள்ளே திறப்பதை வெளியே திறக்க வைப்பது. கேட்கச் சுலபம். ஆனால் பழைய நிலையில் கதவு வந்து உட்காரும் பள்ளம் ஒரு பக்கம் மட்டும்தான் செதுக்கியிருக்கும். நிலையைக் கழற்றித் திருப்பவேண்டும், அல்லது தச்சர் மறுபக்கம் சட்டம் அடித்துக் கொடுக்கவேண்டும். வெளியே நடைவழி குறுகலாக இருந்தால், கதவு அங்கே போவோரின் முகத்தில் திறக்கும். இடம் மாறும், இடி மாறாது. வீட்டுக்கு வெளியே போகும் கதவு வெளிப்பக்கமாகத் திறந்தால் கீலின் ஊசி வெளியே தெரியும். கழற்ற முடியாத ஊசி உள்ள கீல் போடுங்கள்.

கதவையே எடுத்துவிடுவது மூன்றாவது. புகையும் சத்தமும் உங்களுக்குத் தொல்லை இல்லை என்றால் வெறும் வாசல்தான் எல்லாவற்றையும்விட நல்ல கதவு என்பது என் கட்சி. வீட்டில் ஒத்துக்கொள்வார்களா என்பது வேறு விஷயம்.

நகரும் கதவு என்று எல்லாரும் சொல்வார்கள். சுவருக்குள் நுழையும் வகைக்குக் கதவின் அகலத்தைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு நீளத்துக்குச் சுவர் வேண்டும், அந்தப் பகுதியில் குழாயோ ஒயரோ போகக்கூடாது. செங்கல் சுவரில் அதைச் செய்வது சுவரைக் கட்டி எழுப்புவதற்குச் சமம். சுவருக்கு வெளியே தண்டவாளத்தில் ஓடும் வகை எளிது. ஆனால் அது ஒதுங்கி நிற்கும் சுவரில் அலமாரி, சுவிட்ச், ஆணி எதுவும் இருக்கக்கூடாது, வாசனையையும் முழுசாகத் தடுக்காது.

எந்த வகையானாலும் வழி எவ்வளவு கிடைக்கிறது என்று பாருங்கள். 32 அங்குலப் பலகை 90 பாகை திறந்து நிற்கும்போது அதன் தடிமனே வாசலுக்குள் துருத்திக்கொண்டிருக்கும். உண்மையில் கிடைப்பது 30 அங்குலம்தான். சக்கர நாற்காலி வரவேண்டிய வீடு என்றால் தடையில்லாமல் 32 அங்குலம் தேவை, அதற்கு 36 அங்குலக் கதவு போடவேண்டும்.

ஃபிரிட்ஜ் கதவும் கதவுதான். அது சுவரை ஒட்டி நின்றால் 90 பாகையோடு நின்றுவிடும், உள்ளே இருக்கும் தட்டுகளை வெளியே இழுக்க முடியாது. கீல் பக்கம் சில அங்குலம் விடவேண்டும். எத்தனை அங்குலம் என்று அதனோடு வரும் கையேட்டில் இருக்கும்.

"சமைக்கும்போது எல்லாரும் குறுக்கே வருகிறார்கள்"

சமையலறையில் வைக்கும் அடிகளை எண்ணிப் பார்க்கும் பழக்கம் நூறு வருடத்துக்கு மேலாக இருக்கிறது. 1926இல் கட்டடக் கலைஞர் மார்கரெட்டே ஷூட்டே-லிஹோட்ஸ்கி வடிவமைத்த பிராங்பர்ட் சமையலறை சுமார் 1.9 மீட்டருக்கு 3.4 மீட்டர்தான். அதிலிருந்து சாப்பிடும் அறைக்குப் போக அகலமான நகரும் கதவு வைத்திருந்தார். 1940களில் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் செய்த ஆய்வுகளிலிருந்து வந்ததுதான் சிங்க், அடுப்பு, ஃபிரிட்ஜ் என்ற முக்கோணம். மூன்று பக்கமும் தனித்தனியே 4 முதல் 9 அடி, கூட்டினால் 13 முதல் 26 அடி என்பது வழக்கமான அளவு. வீட்டார் நடக்கும் வழி அந்த முக்கோணத்தை வெட்டக்கூடாது.

அளவுகளை எல்லாரும் மேற்கோள் காட்டுவார்கள்; நடக்கும் வழியை மறந்துவிடுவார்கள். முதலில் நிரப்பிய பென்சில் பட்டை முக்கோணத்தின் எந்தப் பக்கத்தை வெட்டுகிறது என்று பாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் போகும் பக்கத்தை வெட்டினால் பொறுத்துக்கொள்ளலாம். சிங்குக்கும் அடுப்புக்கும் நடுவே வெட்டினால் அந்த வரைபடத்தைக் கிழித்துவிடுங்கள். கொதிக்கும் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு வடிக்கப் போகும் தூரம் அது. சிங்கும் அடுப்பும் ஒரே மேடையில், நடுவே 3 அடி வேலை செய்யும் இடத்தோடு இருந்தால் மற்றதெல்லாம் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் சமாளிக்கலாம்.

ஃபிரிட்ஜ் வீட்டுக்குள்ளிருந்து வரும் கதவின் பக்கத்திலேயே இருக்கட்டும். தண்ணீர் எடுக்க வருபவர் எட்டி எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவார். ஃபிரிட்ஜை உள்மூலையில் வைத்துவிட்டு "எல்லாரும் உள்ளே வருகிறார்கள்" என்று கோபப்பட்டுப் பயனில்லை.

எதிரெதிராக இரண்டு மேடை போட்டால் நடுவே ஒருவருக்கு 42 அங்குலம், இருவர் சேர்ந்து சமைப்பார்கள் என்றால் 48 அங்குலம் விடுங்கள். அந்த நடுவழியின் இரு முனையிலும் கதவு இருந்தால் அது சமையலறை இல்லை, நடைவழி. ஒரு முனையை அடைக்க முடியுமா என்று பாருங்கள்.

"கதவைத் திறந்தால் சுடர் ஆடுகிறது" அல்லது "ஃபேன் போட்டால் கதவு இழுக்கிறது"

அடுப்பு கதவை ஒட்டி இருந்தால் காற்று சுடரைச் சாய்க்கும். பாத்திரம் மெதுவாகச் சூடாகும், சுடர் அணைந்தும் போகலாம். அணைந்த பிறகு வாயு கசிவதுதான் ஆபத்து. உருளையில் வரும் வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடு தங்கும். அதனால் கீழ்மட்டத்திலும் ஒரு காற்றுவழி வேண்டும். வேறு இடமே இல்லையென்றாலும் அடுப்பின் விளிம்புக்கும் மேடை முனைக்கும் நடுவே குறைந்தது ஓர் அடி விடுங்கள். கதவு வழியே வருபவரின் கை, பாத்திரத்தின் பிடியில் படக்கூடாது.

புகையை வெளியே தள்ளும் ஃபேன் கதை வேறு. பழைய கதவில் நாலா பக்கமும் சந்து இருந்தது. காற்று தானாக வந்தது. புதுக் கதவு இறுக்கமாக மூடுகிறது. ஃபேன் வெளியே தள்ளும் அளவு காற்று உள்ளே வர வழியில்லாததால் கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், திறக்கக் கனக்கும், புகையும் போகாது. ஜன்னலைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். சரியாகிவிட்டால் காரணம் இதுதான். கதவின் அடியில் அரை அங்குலத்திலிருந்து ஓர் அங்குலம் வரை சீவினால் போதும்.

"சிங்கை இடம் மாற்றினோம், தண்ணீர் தேங்குகிறது, நாற்றம் வருகிறது"

வாட்டம் போதவில்லை. கழிவுக்குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம் சரிவு என்று வைத்தால், 12 அடி தள்ளிப் போன சிங்குக்கு 3 அங்குல இறக்கம் வேண்டும். இதில் கதவு எங்கே வந்தது என்கிறீர்களா? சிங்குக்கும் வெளியேறும் துளைக்கும் நடுவில் ஒரு வாசல் இருந்தால் குழாய் சுவரோரமாகப் போக முடியாது, தரைக்கடியில்தான் போகவேண்டும். தரையைத் தோண்டாமல் சமாளிக்கிறேன் என்று வாட்டத்தைக் குறைத்துவிடுவார்கள். கதவும் சிங்கும் கழிவுத்துளைக்கு ஒரே பக்கம் வந்தால், துளைக்கு அருகில் இருக்கவேண்டியது சிங்க்தான்.

நாற்றத்தோடு "களக் களக்" என்று சத்தமும் வந்தால், நீண்ட குழாயில் ஓடும் தண்ணீர் சிங்குக்கு அடியில் வளைவில் நிற்கும் தண்ணீரையும் சேர்த்து உறிஞ்சிக்கொண்டு போகிறது. அந்தத் தண்ணீர்தான் நாற்றத்துக்குத் தடை. குழாய்க்குக் காற்றுவழி வைத்தால் நின்றுவிடும்.

"மூடிய வாசலைச் சுற்றி விரிசல்"

விரிசல் பழைய வாசலின் ஓரத்தை அப்படியே வரைந்ததுபோல் செங்குத்தாக ஓடினால் பயமில்லை. பழைய சுவரும் புதுக் கட்டும் பூட்டப்படவில்லை, அவ்வளவுதான். நிலையைப் பெயர்த்ததும் வெறும் சந்தில் செங்கல்லை அடுக்கிவிடுவார்கள். ஒன்றுவிட்டு ஒரு வரிசையில் பழைய சுவரைக் குடைந்து, புதுச் செங்கல் பல்போல் உள்ளே போய் உட்காரவேண்டும். லிண்டலுக்குக் கீழே கடைசி வரிசையைச் சில நாள் கழித்து இறுக்கிக் கட்டவேண்டும். பூசுவதற்கு முன் இணைப்பின் மேல் கம்பிவலை வைக்கவேண்டும். பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது என்றால் கடினமான சிமெண்டுக் கலவை அதோடு ஒத்துப்போகாது; சுண்ணாம்பு கலந்த மென்மையான கலவையே நல்லது.

புதிதாகத் திறந்த வாசலின் மேல்மூலையிலிருந்து சாய்வாக விரிசல் கிளம்பினால் கதை வேறு. லிண்டல் போதவில்லை அல்லது சரியாக உட்காரவில்லை. பூசி மறைக்காதீர்கள். வேலையை நிறுத்திவிட்டுக் கட்டமைப்புப் பொறியாளரைக் கூப்பிடுங்கள்.

சொல்லப்போனால் அவரை உடைப்பதற்கு முன்பே கூப்பிடவேண்டும். மேலே இன்னொரு சுவர் நிற்கிறதா, உத்தரமோ கூரை மரமோ இந்தச் சுவரில் வந்து உட்காருகிறதா, மற்றவற்றைவிடத் தடிமனா என்று நீங்களே பார்க்கலாம். ஒன்று இருந்தாலும் அது தாங்கும் சுவர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் இல்லை என்பதால் தாங்காத சுவர் என்று முடிவு செய்யாதீர்கள். தட்டிப் பார்த்துச் சத்தத்தை வைத்துச் சொல்பவரையும் நம்பாதீர்கள். லிண்டல் வாசலின் இரு பக்கமும் குறைந்தது 6 அங்குலம் சுவரில் உட்காரவேண்டும், உடைப்பதற்கு முன் முட்டு கொடுத்திருக்கவேண்டும். கதவை மூலைக்குத் தள்ளுவது பற்றி மேலே அவ்வளவு சொன்னேன் அல்லவா, தாங்கும் சுவரில் மூலையில் எவ்வளவு சுவர் விடவேண்டும் என்பதை அவர்தான் சொல்லவேண்டும். அவர் சொல்வது 4 அங்குலமாக இருக்காது.

"புதுத் தரை போட்டதும் கதவு உரசுகிறது"

பழைய தரைமேல் புது ஓடு ஒட்டினால் தரை ஓர் அங்குலம் வரை உயரும். கதவை அடியில் சீவலாம். ஆனால் பழைய கதவுகளின் அடிச்சட்டம் ஏற்கெனவே ஒருமுறை சீவப்பட்டிருக்கலாம், பார்த்துச் செய்யுங்கள். மேடையின் உயரமும் அதே அளவு குறைந்துவிடும். அதனால் எல்லா உயரத்தையும் முடிந்த தரையிலிருந்து கணக்கிட்டுச் சுவரில் ரசமட்டம் வைத்து ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள்.

கொத்தனார் வருவதற்கு முந்தைய வாரம்

தாளில் சரியாக இருப்பது தரையில் சரியாக இருக்கும் என்று நினைக்காதீர்கள். சுண்ணக்கட்டியால் தரையில் மேடையின் ஓரத்தை வரையுங்கள். அட்டைப்பெட்டிகளை மேடை உயரத்துக்கு அடுக்குங்கள். கதவு வரப்போகும் இடத்தில் அதே அகலத்துக்கு அட்டை வெட்டி ஒருவர் பிடித்துக்கொண்டு திறந்து மூடட்டும். இன்னொருவர் குனிந்து இழுப்பறை திறப்பதுபோல் நிற்கட்டும். சிரிப்பாக இருக்கும், பரவாயில்லை. எங்கள் இரண்டாவது முயற்சியில் கதவை 9 அங்குலம் தள்ளி வைத்தது இந்த அட்டை விளையாட்டால்தான்.

வேலை தொடங்கி, குழாயும் ஒயரும் போட்டு, பூச்சுக்கு முன் ஒரு நாள் கிடைக்கும். அன்றைக்கு ஒவ்வொரு சுவரிலும் டேப்பை விரித்துப் பிடித்துப் படம் எடுத்து வையுங்கள். மேல் அலமாரி மாட்டத் துளை போடும் நாளில், குழாய் நிலைக்காலிலிருந்து எத்தனை அங்குலத்தில் ஓடுகிறது என்று அந்தப் படத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும்.